மடையில் மின்னிய கண்கள்

குற்றாலத்துக்குப் போனால் முழங்கால் வலி பறந்துவிடும் என்று எந்தப் புண்ணியவான் சொன்னானோ, அவன் மட்டும் இசக்கியப்பன் கையில் அகப்பட்டிருந்தால் அந்த வாரம் ஒரு கொலை கூடுதலாக விழுந்திருக்கும். எட்டு நாள் ஐந்தருவியில் நின்றாயிற்று. வைத்தியர் கொடுத்த எண்ணெயில் ஊறுகாய் மாதிரி ஊறியாயிற்று. வலி இடது காலிலிருந்து வலது காலுக்குக் குடிபெயர்ந்ததுதான் மிச்சம். சீசன் முடிந்து ஊரே கடையைக் கட்டிக்கொண்டு போன புரட்டாசி மாதம். நாமும் மூட்டையைக் கட்டுவோம் என்று அவர் எழுந்த வேளையில்தான் மாரித்தாய் வந்து விடுதி வாசலை மறித்து உட்கார்ந்தாள்.

"நாளைக்குக் காலம்பற பத்து மணிக்கு எம் புருசன் மாஜிஸ்திரேட் முன்னால நின்னு 'நாந்தான் கொன்னேன்'னு சொல்லப் போறாரு ஐயா. அவரு கொல்லல. ஆனா கொன்னுட்டோம்னு அவரே நம்புதாரு. நான் என்ன செய்யட்டும்?"

அதுதான் வம்பு. முப்பது வருஷம் போலீஸில் குப்பை கொட்டி, சப்-இன்ஸ்பெக்டராகப் பென்ஷன் வாங்கி, இப்போது வக்கீல்களுக்காகத் துப்புத் துலக்கித் திரிகிறவர் இசக்கியப்பன். கொன்றுவிட்டு இல்லவே இல்லை என்று சத்தியம் செய்கிறவர்களை வண்டி வண்டியாகப் பார்த்திருக்கிறார். கொல்லாமலே கொன்றேன் என்கிறவனை எந்தக் கோர்ட்டில் போய் மறுப்பது?

கதை இதுதான். இலஞ்சியில் ஞானசம்பந்தம் பிள்ளையின் வயலுக்கு இரவுக் காவல்காரன் மாரித்தாயின் புருஷன் மாடன். கதிர் பால் பிடிக்கிற சமயத்தில் மலையிலிருந்து பன்றி இறங்கும். மாடன் நெற்றியில் கார்பைடு விளக்கைக் கட்டிக்கொண்டு பரண்மேல் உட்கார்ந்திருப்பான். மடியில் பிள்ளை வாங்கிக் கொடுத்த நாட்டுத் துப்பாக்கி. விளக்கைத் திருப்புகிற பக்கம் இரண்டு கண் மின்னினால் சுடுவான். போன வெள்ளிக்கிழமை ராத்திரியும் மின்னியது, சுட்டான். ஆனால் மடையோரம் செத்துக் கிடந்தது பன்றி அல்ல, ஞானசம்பந்தம் பிள்ளை.

கண்ணால் பார்த்த சாட்சியும் இருந்தார். பிள்ளைக்கு வாரிசு கிடையாது. அக்காள் மகன் நயினார்தான் பதினோரு வருஷமாக வீட்டோடு இருந்து எல்லாவற்றையும் கவனிப்பவர். மாமாவைக் காணோமே என்று தேடி வந்து குளத்துக்கரையில் நின்றாராம். 'மடைப்பக்கம் இரண்டு கண் பச்சையாக மின்னியது, பன்றியேதான், மாடன் சுட்டான், மாமா அதன் பின்னால் நின்றது அவனுக்குத் தெரியாது, பாவம், வேண்டுமென்று செய்யவில்லை' என்று போலீஸில் எழுதிக் கொடுத்திருந்தார். அதோடு விட்டாரா? மாடனுக்கு வக்கீல் வைத்ததும் அவரேதான். கைத்தவறு என்று ஒப்புக்கொண்டால் சொற்பத் தண்டனையோடு போய்விடும் என்பது வக்கீலின் யோசனை. இப்படியும் ஒரு தங்கமான மனுஷன் உண்டா என்று தென்காசி வரைக்கும் நயினாரின் புகழ் மணத்தது.

"மாமனைக் கொன்னவனுக்கு வக்கீல் வைக்குத ஆளை நான் இன்னைக்குத்தான் கேள்விப்படுதேன் அண்ணாச்சி," என்றான் மசூது. "எங்க கடையநல்லூர்ல பந்தியில எனக்கு ரெண்டாவது துண்டு கறி வைக்கவே ஒம்பது தடவை யோசிப்பாங்க."

மசூது இசக்கியப்பனின் உதவியாள். முன்பு செங்கோட்டை பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, பிரயாணிகளை ஓயாமல் கேலி செய்த குற்றத்துக்காக வேலை போனவன். அந்த வாயை எப்படியோ ஆறு வருஷமாக இசக்கியப்பன் சகித்துக்கொண்டு வருகிறார்.

"ஒரு தடவை எழுதி ரேகை வச்சிட்டான்னா அவ்வளவுதாம்லே. சொற்பமாவது ஒண்ணாவது, ஏழு வருசத்துக்குக் குறையாது," என்று முனகிக்கொண்டே அவர் மேல்துண்டை எடுத்தார். மாரித்தாய் எழுந்து வழிவிட்டாள்.

தென்காசி சப்-ஜெயிலில் மாடன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். திரும்பவே இல்லை.

"எவ்வளவு தூரத்துல கண்ணு தெரிஞ்சுது?" என்று கேட்டார் இசக்கியப்பன்.

"நாப்பது தப்படி இருக்கும்னு நெனச்சேன் ஐயா."

"மடை பரண்லேருந்து நாப்பது தப்படியா?"

"இல்லய்யா, கூட இருக்கும். ஆனா எசமான் மடையிலதானே கெடந்தாரு? நயினார் ஐயாவும் மடைப்பக்கம்தான் கண்ணு தெரிஞ்சுதுன்னு சொல்லுதாரு. அப்ப நான்தான் தூரத்தைத் தப்பாக் கணிச்சிருக்கேன்."

"வேற ஏதாவது வெளிச்சம் தெரிஞ்சுதா? குளத்துக்கரையில?"

"ஒரு பொட்டு வெளிச்சம் கெடையாது. அமாவாசை இருட்டு."

"சத்தம்?"

"நான் சுட்டது ஒண்ணு. ஒடனே மலை திருப்பிச் சொல்லிச்சு. எப்பவும் சொல்லும். அன்னைக்குக் கொஞ்சம் பலமாவே சொல்லிச்சு."

இசக்கியப்பன் மசூதைப் பார்த்தார். ஆனால் மலை பலமாகப் பேசியதற்காக எந்த மாஜிஸ்திரேட்டும் ஒருவனை வீட்டுக்கு அனுப்பிவிட மாட்டார். கையில் உருப்படியாக இருந்தது அந்த நாற்பது தப்படி ஒன்றுதான். மாடன் சொன்ன கணக்கு சரி என்று நிரூபித்துவிட்டால், அவன் சுட்டது மடைக்கு எவ்வளவோ இப்பால் நின்ற எதையோ. மடையில் விழுந்த பிள்ளையை அல்ல. அந்த நம்பிக்கையோடு, ஒரு ஜட்காவைப் பிடித்து, பள்ளம் மேடெல்லாம் முழங்காலில் வாங்கிக்கொண்டு, பொழுது சாய இலஞ்சிக்கு வந்து சேர்ந்தார்.

இருட்டு நன்றாகக் கட்டிய பிறகு மாரித்தாய் தன் வெள்ளாட்டை ஓட்டி வந்தாள். "இதைப் பிடிச்சிட்டு வயலுக்குள்ள எங்கனயாவது போய் நில்லும்மா. எங்க நிக்கேன்னு எங்கிட்டச் சொல்லாதே," என்றார் இசக்கியப்பன். மசூதைக் குளத்துக்கரைக்கு அனுப்பினார், நயினார் நின்றதாகச் சொன்ன புளியமரத்தடிக்கு. பிறகு தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு பரணில் ஏறி, மாடனின் விளக்கை நெற்றியில் கட்டிப் பற்ற வைத்தார்.

விளக்கு வெளிச்சம் பக்கத்துக் கதிர்களை மட்டும் வெள்ளையடித்தது. அதற்கப்பால் மையிருட்டு. மெள்ளத் தலையைத் திருப்பினார். சட்டென்று இருட்டுக்குள் இரண்டு பச்சைப் பொட்டுகள் எரிந்தன. ஆடும் இல்லை, ஆட்டைப் பிடித்திருக்கிறவளும் இல்லை, வரப்பும் இல்லை. அந்தரத்தில் கண் மட்டும். அவருக்கே மயிர்க்கூச்செறிந்தது.

"முப்பத்தஞ்சு, நாப்பது தப்படி!" என்று கத்தினார். "எங்கம்மா நிக்கே?"

"மடையில ஐயா!" என்றது குரல், வெகு தொலைவிலிருந்து.

இறங்கிப் போய் அடியெண்ணிப் பார்த்தார். எண்பத்திரண்டு.

போச்சு. நாற்பது தப்படி நம்பிக்கை அங்கேயே மண்ணைக் கவ்வியது. இரண்டே இரண்டு பொட்டை வைத்துக்கொண்டு தூரம் சொல்ல எவனாலும் முடியாது. மாடன் தப்பாகத்தான் கணித்திருக்கிறான். அவன் பார்த்த கண் மடையிலேயே இருந்திருக்கலாம். நயினார் சொன்னது அட்சரம் பிசகாமல் நிஜமாகவே இருக்கலாம். காலையிலிருந்து அலைந்ததெல்லாம் மாடனுக்கு எதிராக இன்னொரு ஆணியை அறையத்தானா? இசக்கியப்பனுக்கு அப்படியே வரப்பில் படுத்துவிடலாம் போலிருந்தது. அறுபது வயதுக்குக் கிட்டத்தில் ஒரு மனிதன் படுகிற பாடா இது!

இருந்தாலும் வந்த வேலை ஒன்று பாக்கி இருந்தது. மறுபடி பரணில் ஏறி, ஆட்டின் கண்களை விளக்கில் பிடித்துக்கொண்டு கூவினார்.

"ஏலே மசூது! ஒனக்குக் கண்ணு தெரியுதா?"

"எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுது அண்ணாச்சி! கண்ணாடி போடுதது நீங்கதான்!"

"ஆட்டுக் கண்ணுலே, மூதி!"

"ஆட்டுக் கண்ணா? அது எங்கன இருக்கு?"

"மடையில! பச்சையா எரியுது பாரு!"

"ஒண்ணும் எரியல! ஒங்க நெத்திதான் எரியுது!"

"வெளையாடாதேலே, எனக்கு இருக்குத வலிக்கு..."

"ரப்புமேல ஆணையாச் சொல்லுதேன், ஒரு எழவும் தெரியல!"

ஓயாமல் விளையாடுகிறவனிடம் உள்ள கஷ்டம் இதுதான். அவன் மெய் சொல்லும்போதும் நம்ப முடிவதில்லை. இசக்கியப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கி, விளக்கை மசூதின் நெற்றியில் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டு, தான் குளத்துக்கரைக்குப் போனார். பரணில் விளக்கு பளிச்சென்று தெரிந்தது. மசூது அதை மடைப்பக்கம் திருப்பினான்.

"யா அல்லா!" என்று அங்கிருந்து அலறினான். "கொள்ளிவாய்ப் பிசாசு மாதிரில்லா முழிக்குது!"

இசக்கியப்பன் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். மடைப்பக்கம் ஒரே இருட்டு. கண்ணும் இல்லை, காதும் இல்லை.

கரையோரமாகவே நடந்தார். பத்துத் தப்படி நடந்து பார்த்தார், இல்லை. இறங்கி வயலுக்குள் நடந்தார், இல்லை. கடைசியில் பரணுக்குப் போய், மூச்சு வாங்க ஏறி, மசூதின் தோளுக்குப் பின்னால் தலையை நீட்டினார். அப்போது எரிந்தது பச்சைக் கண், ஜோராக. தலையை இழுத்துக்கொண்டு அரைத் தப்படி நகர்ந்தார். மங்கிப் போயிற்று.

"பாத்தியாலே," என்றார் மெதுவாக. "விளக்கு எவன் நெத்தியில இருக்கோ அவனுக்குத்தான் மிருகம் கண்ணைக் காட்டும். போன வெளிச்சம் போன வழியே திரும்பி வருது. பக்கத்துல நிக்கவனுக்கு ஒண்ணும் கெடையாது."

மசூது விளக்கைக் குளத்துக்கரைப் பக்கம் திருப்பினான். "அப்ப குளத்துக்கரையில நின்ன புண்ணியவான் எதைப் பாத்தாரு?"

"அதாம்லே கேள்வி. ராத்திரி வேட்டைக்குப் போன எவனும் அப்படி ஒரு பொய்யைச் சொல்ல மாட்டான். பட்டணத்துல படிச்சவரு, விளக்கு பட்டா எல்லாருக்கும் மின்னும்னு நெனச்சிட்டாரு. மாடன் புலம்பினதைக் கேட்டு அப்படியே எழுதிக் கொடுத்திருக்காரு."

"ஒருவேளை அவரு கையில டார்ச் லைட் இருந்திருந்தா?"

"நீ கரையில நின்னு பீடி குடிச்சியா இல்லையா?"

"ஒண்ணே ஒண்ணு அண்ணாச்சி..."

"இங்கேயிருந்து அந்தக் கங்கு எனக்குக் கண்ணைக் குத்திச்சு. பீடியே தெரியுதுன்னா, டார்ச் அடிச்சவனை மாடன் பாக்காம இருப்பானா? நயினார் வெளிச்சத்தோடயும் கரையில நிக்கல, வெளிச்சம் இல்லாமலும் எதையும் பாக்கல." அவர் பெருமூச்சு விட்டார். "ஆனா இதை வச்சு நாளைக்குக் கோர்ட்டுல நின்னா, 'அது பன்னி, இது ஆடு'ன்னு வக்கீல் சிரிச்சிட்டுப் போயிருவான். அவரு வாயாலேயே வரணும். ஆட்டை வீட்டுக்கு ஓட்டிட்டுப் போகச் சொல்லு."

சொல்லியனுப்பியபடி ஒரு மணி நேரம் கழித்து நயினார் குளத்துக்கரைக்கு வந்தார். கூடவே ஏட்டு உச்சிமாகாளி. இசக்கியப்பனிடம் ஒரு காலத்தில் கான்ஸ்டேபிளாக இருந்த மரியாதைக்காக, சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து வந்திருந்தார். நயினாருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். சலவை வேட்டி, கையில் டார்ச். துக்கத்தால் முகம் வாடித்தான் இருந்தது.

"அவனை எப்படியாவது காப்பாத்தணும் அண்ணாச்சி. என்ன வேணும்னாலும் கேளுங்க," என்றார்.

"ஒரே ஒரு விசயந்தான் தம்பி. அன்னைக்கு இங்கன நிக்கையில ஒங்க கையில வெளிச்சம் இருந்துச்சா?"

"இல்ல. பழகின பாதைதானே. போலீஸ்லயும் அப்படித்தானே சொல்லியிருக்கேன்."

"அப்ப அதை அணைச்சிருங்க. மடையில ஒரு ஆட்டைக் கட்டியிருக்கோம். அன்னைக்குத் தெரிஞ்ச மாதிரி கண்ணு தெரியுதான்னு பாத்துச் சொல்லணும். நீங்க பாத்தது நெசம்னு ஆயிட்டா, மாடன் வேணும்னு சுடலைங்கிறதும் நெசமாயிரும்."

விரலை மடித்து விசில் அடித்தார். பரணில் மசூதின் நெற்றிவிளக்கு எரிந்து மடைப்பக்கம் திரும்பியது.

"தெரியுதா?"

நயினார் இமைப்பொழுதுகூட யோசிக்கவில்லை. "தெரியுது."

"என்ன நெறம்?"

"பச்சை. அன்னைக்கு மாதிரியே."

"நல்லாப் பாருங்க தம்பி. அசையுதா?"

"இப்ப தலையைத் திருப்பிட்டு... ஆங், மறுபடியும் தெரியுது. ரெண்டு கண்ணும் தெரியுது."

ஏட்டு உச்சிமாகாளி கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார். "எனக்கு ஒண்ணையும் காங்கலியே. வயசாயிட்டுபோல."

"ஒமக்கு வயசாகல ஏட்டையா," என்றார் இசக்கியப்பன். வெற்றி பெற்ற குரல் இல்லை அது. படுக்கை எங்கே என்று கேட்கிற குரல். "அங்கன ஆடே கெடையாது. மாரித்தாய் ஓட்டிட்டுப் போயி ஒரு மணி நேரம் ஆச்சு."

"என்ன அண்ணாச்சி, ஆடு தெரியுதாமா?" என்று பரணிலிருந்து கூவினான் மசூது. "அப்ப நாளைக்கு அதை அறுத்து ஐயாவுக்கு விருந்து வச்சிருவோம்!"

நயினாரின் டார்ச் தானாக எரிந்தது. வெளிச்சத்தை மடைப்பக்கம் பாய்ச்சினார்.

"இருட்டுல ஏதோ மின்னிச்சு, ஆடுன்னு நெனச்சேன். இதுல என்ன இருக்கு? அன்னைக்கு நான் பாத்தது பாத்ததுதான்!"

"அன்னைக்கு ஆயிரம் பன்னி நின்னிருந்தாலும் இந்தக் கரையிலேருந்து ஒரு கண்ணு தெரியாது தம்பி. பரிச்சை பண்ணியாச்சு. ஒங்க கையில விளக்கு இருந்தாத்தான் தெரியும். இருந்திருந்தா மாடன் ஒங்களைப் பாத்திருப்பான். ஒரு பீடிக் கங்கே பரணுக்குத் தெரியுது."

"மாடனா!" நயினார் சீறினார். "அவன் என்னத்தைப் பாத்தான்? மாமா லாந்தரோட வந்தாரே, அதைப் பாத்தானா அந்தக் குருட்டுப் பய?"

குளத்தில் ஒரு மீன் துள்ளி விழுந்த சத்தம் கேட்டது.

ஏட்டு உச்சிமாகாளி மெதுவாகத் தொண்டையைக் கனைத்தார். "எந்த லாந்தரு தம்பி? மகசர் எழுதினவன் நான். பிள்ளைவாள் பக்கத்துல கெடந்தது ஒரு தடி, ஒரு வெத்தலைப் பெட்டி. லாந்தர் இல்லவே இல்லியே."

நயினார் டார்ச்சை அணைத்தார். பிறகு சலவை வேட்டியோடு அப்படியே கரை மண்ணில் உட்கார்ந்தார். ஏட்டு அவர் தோளில் கை வைத்தார். அடிக்கவும் இல்லை, அதட்டவும் இல்லை. நயினாராகவே பேசினார்.

"தை மாசம் தத்தெடுக்கப் போறேன்னு சொன்னாரு. பங்காளி வீட்டுப் பையனாம். நாலு வயசு. பதினோரு வருசமா நான் அந்த வீட்டுல என்னவா இருந்தேன்னு கேட்டேன். 'சாப்பாடு போட்டேன்லா'ன்னாரு."

மடை உடைந்திருக்கிறது என்று சொல்லி மாமாவைக் கூட்டி வந்ததும், தென்னந்தோப்பைத் தாண்டியதும், வெளிச்சம் கண்டால் பன்றி ஓடிவிடும் என்று சொல்லி லாந்தரை அணைக்க வைத்ததும், மாடனின் துப்பாக்கி வெடிக்கிற வரைக்கும் வீட்டு ரெட்டைக்குழல் துப்பாக்கியோடு பின்னால் காத்து நின்று கூடவே சுட்டதும் ஒவ்வொன்றாக வந்தன. மலை பலமாகத் திருப்பிச் சொன்னது எதை என்பதும் தெரிந்தது. வழியெல்லாம் வெளிச்சமில்லாமல் வந்ததாகச் சொன்னவர், அணைத்த லாந்தரை வைக்கோற்போருக்குள் செருகி வைத்திருந்தார்.

"ஒண்ணும் பாக்கலைன்னு சொல்லியிருந்தா ஒங்களை எவனும் தொட்டிருக்க முடியாது," என்றான் இறங்கி வந்த மசூது. அவன் குரலில் கேலி வடிந்து போயிருந்தது. "பாவப்பட்டவனுக்கு உபகாரம் பண்ணுத மாதிரி நின்னு மாட்டிக்கிட்டீங்களே."

வாக்குமூலம் எழுதி முடித்து, வைக்கோற்போரைக் கலைத்து லாந்தரை எடுத்து, நயினாரை ஸ்டேஷனில் உட்கார வைத்தபோது கிழக்கு வெளுத்துவிட்டது. இசக்கியப்பன் தூங்கவில்லை. மாரித்தாயை ஜட்காவில் ஏற்றிக்கொண்டு தென்காசிக்கு ஓட்டச் சொன்னார். கோர்ட்டு திறப்பதற்கு முன் ஒரு ஆளிடம் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. இடையில் கண் அசந்து இரண்டு தடவை மசூதின் மேல் சாய்ந்தார். இரண்டு தடவையும் மசூது நகராமல் உட்கார்ந்திருந்தான்.

சப்-ஜெயிலில் மாடன் அதே சுவரைப் பார்த்தபடிதான் இருந்தான். மாரித்தாய் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினாள். ஆடு, விளக்கு, லாந்தர், நயினார் எல்லாம் முன்னுக்குப் பின்னாகக் கலந்து வந்தன. மாடனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இசக்கியப்பனைப் பார்த்தான்.

"நெசமாவா ஐயா? நான் கொல்லலியா?"

"கொல்லல."

"என் ரவை அவரு மேல படலியா?"

"படல. நீ பன்னியைத்தான் சுட்டே. அதுவும் தப்பிச்சு ஓடிட்டு."

மாடன் எழுந்து கம்பியருகே வந்தான். சந்தோஷப்படுவான் என்று மாரித்தாய் எதிர்பார்த்தாள். கையை நீட்டி அவன் தோளைத் தொட்டாள். அவன் அவளைப் பார்க்கவில்லை.

"அப்படின்னா நான் அவருக்காக அழுவலாமா ஐயா?" என்று கேட்டான். "பத்து வயசிலேருந்து அவரு கஞ்சிதான் குடிச்சேன். கொன்ன கையை வச்சிக்கிட்டு அழுதா அது பாவம்னு அஞ்சு நாளாப் பல்லைக் கடிச்சிட்டு இருக்கேன்."

இசக்கியப்பன் கம்பிக்கு நெருங்கி வந்தார்.

"அழுலே," என்றார்.

மாடன் கம்பியில் தலையைச் சாய்த்து, "எசமானே" என்று தெருக்கோடி வரைக்கும் கேட்கும்படி அழுதான்.